பன்னிரண்டாவது வேலை

மணி ஐந்தே முக்கால் ஆகியும் கோதாவில் பாதி மண் கொத்தாமல் கிடந்தது. கொத்திய பாதியில் மோர் கூடிப்போய், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று. இதை யார் முதலில் பார்க்கப் போகிறார்களோ என்று வெயிலுமுத்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். யார் பார்க்கக் கூடாதோ அவரே வாசலில் செருப்பைக் கழற்றினார்.

பிரம்மநாயகம் வாத்தியார் உள்ளே வர வேண்டுமானால் கதவின் இரண்டு பலகைகளையும் திறக்க வேண்டும். அப்படி ஓர் உடம்பு. பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. காலையிலும் மாலையிலும் தாராவி வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலைக்கு வாத்தியார். அவர் கோதாவில் ஒரு காலை வைத்தார். உருவினார். காலைப் பார்த்தார்.

"என்னவே இது, மல்லுக்கட்டுத கோதாவா, நாத்து நடுத வயலா?"

"மோரு ஒரு சொம்பு கூடிப்போச்சு வாத்தியாரே."

"பருவம் மாறிட்டு. பருவத்துக்குத் தக்கன வேலையும் மாறணும். லிஸ்ட்டைப் படிச்சீரா இல்லையா?"

படிக்காமல் என்ன. படித்துப் படித்துத்தான் வெயிலுமுத்துவுக்குத் தூக்கம் போயிருந்தது. குளிர் மாதங்களில் அவனுக்கு நான்கே வேலைகள். பெருக்குவது, வாரம் ஒருமுறை மண்ணில் நல்லெண்ணெய் கலப்பது, கர்லாக்கட்டைகளை அடுக்குவது, ஆஞ்சநேயர் படத்துக்கு விளக்கேற்றுவது. ஹோலி முடிந்து வெயில் ஏறியதும் காரியதரிசி கணேசபாண்டியன் சுவரில் புதிய லிஸ்ட் ஒன்றை ஒட்டிவிட்டார். அவர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. எதையும் நம்பர் போட்டு எழுதாவிட்டால் அவருக்கு நிம்மதி கிடையாது.

வெயில் காலத்தில் எண்ணெய் கலந்தால் மண் சிக்கடித்து, பயில்வான்களுக்கு முதுகெல்லாம் கட்டி வரும். ஆகவே எண்ணெய் கிடையாது. மஞ்சளும் மோரும் இடித்த வேப்பிலையும் கலந்து தினம் கொத்த வேண்டும். வியர்வை உப்பு பட்ட இரும்புக் குண்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். கயிற்றுப் பாயை வெயிலில் போட வேண்டும். தண்ணீர் தெளிக்காமல் பெருக்கக் கூடாது. சாக்கடைக்குப் பினாயில். வாசலுக்குச் சாணித் தண்ணீர். இப்படி மொத்தம் பதினொன்று. எல்லாம் ஐந்தே முக்காலுக்குள்.

காரியதரிசியும் வந்து சேர்ந்தார். கோதாவை எட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

"வெயிலுமுத்து, பங்குனி உத்திரத்துக்கு ஆண்டு விழா. அதுக்குள்ள சுதாரிச்சுக்கிட்டா சரி. இல்லேன்னா வேற ஆளு பாக்கணும். வேற ஆளு வந்தா ரூமும் அவனுக்குத்தான். வருத்தப்படக் கூடாது."

ரூம் என்றது, சாலையின் பின்சுவரில் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறையை. அங்கே குடிவருமுன் வெயிலுமுத்துவும் அவன் மனைவி பேராச்சியும் ஆண்டாப் ஹில்லில், அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஒரே அறையில் பதினொரு பேர். நடுவில் ஒரு பழைய புடவைதான் திரை. திரைக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு வயசு" என்பார்கள். நாலு வருஷம் அப்படி. இந்த அறைக்கு வந்த முதல் நாள் பேராச்சி சாமான்களைக்கூட அடுக்கவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

அன்று மத்தியானம் சங்கதியைக் கேட்டதும், "நாளைக்கு வெள்ளன நானும் வாரேன்" என்றாள்.

"ஏட்டி, அது ஆஞ்சநேயர் இருக்க எடம். பொம்பளை கால் வைக்கக் கூடாது."

"பின்வாசல் வழியாத்தான வருவேன்."

"பின்வாசல் வழியா வந்தா நீ பொம்பளை இல்லையா?"

"அப்ப நீங்களே மோரை ஊத்திக் கரைங்க. அண்ணன் வீட்டுத் திரையை நான் தொவைச்சு வைக்கேன்."



பேராச்சி கை வைத்த முதல் நாளே கோதா மண் புட்டு மாவு போல உதிர்ந்தது. குண்டுகள் பளபளத்தன. சாக்கடை இருந்த இடம் தெரியவில்லை. பயில்வான்கள் மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் அவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். வெயிலுமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, களைத்தவன் மாதிரி வாசலில் நிற்பான். அப்படி நிற்பதில் ஒரு வாரத்தில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

எட்டாம் நாள் அந்தத் தப்பு நடந்தது. அதைத் தப்பென்று பேராச்சியே அறியவில்லை. முன்வாசலுக்குச் சாணி தெளித்துப் பெருக்கினாள். ஈர வாசலை வெறுமனே விட்டுவிட்டு வர அவளுக்குப் பழக்கமில்லை. வெறும் வாசல் என்றால் துக்க வீடு. கை தானாக மாவைத் தேடிற்று. ரேஷன் அரிசி சோற்றுக்கே போதாத காலம், மாவுக்கு எங்கே போவது. பக்கத்து அலமாரியில் ஒரு டப்பா நிறைய வெள்ளைப் பொடி இருந்தது. இரும்பு தூக்குகிறவர்கள் கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற சுண்ணப் பொடி. ஏழு புள்ளி வைத்து, ஒரு சிக்குக் கோலம் போட்டு, கோதாவின் செம்மண்ணை ஒரு பிடி அள்ளி வந்து சுற்றிலும் காவிப்பட்டையும் கட்டிவிட்டு, நிம்மதியாகப் போனாள்.

முதலில் வந்தவன் நம்பிராஜன். இரும்பு தூக்குகிறவன். இளவட்டம். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணாச்சி, என் பொடி டப்பா காலியாக் கெடக்கே."

வெயிலுமுத்து வாசலைப் பார்த்தான். அப்போதுதான் அவனும் பார்த்தான்.

"வாசல்ல கெடக்கு" என்றான்.

வாத்தியார் வந்தார். கோலத்தின் விளிம்பில் நின்றார். வெகு நேரம் நின்றார். காரியதரிசி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"இது யாரு போட்டது?" என்றார் வாத்தியார்.

பொம்பளை என்று சொன்னால் வேலை போயிற்று. ரூம் போயிற்று. வெயிலுமுத்துவுக்குக் காதுக்குள் புடவைத் திரை படபடத்தது.

"நான்தான் வாத்தியாரே."

"நீரா?"

"எங்க அம்மைக்கு நாங்க ஏழும் ஆம்பளைப் பிள்ளைய. வீட்ல பொட்டப்பிள்ளை கெடையாது. அம்மைக்கு முடியாம இருக்கப்ப நான்தான் வாசல் பாப்பேன்."

உண்மையில் அவனுக்கு நாலு அக்காமார். அவர்கள் காதில் இது விழாமலிருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டான்.

"கையைக் காட்டும்" என்றார் வாத்தியார். வெயிலுமுத்து கையை நீட்டினான். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல கைவே. கோடு இழை பிசகல. இனி தெனமும் போடும். காரியதரிசி, லிஸ்ட்ல சேத்துக்கிடும்."

காரியதரிசி பேனாவைத் திறந்து, பன்னிரண்டு என்று எழுதினார்.

அறைக்குப் போனபோது பேராச்சி கதவோரம் நின்றிருந்தாள். பின்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் கேட்கும்.

"நீ செஞ்ச வேலைக்கு நான் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றான், முந்திக்கொண்டு.

"பொய் சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லல. ரூம் வேணும்லா." அவள் அடுப்பை ஊதினாள். "கையைக் காட்டச் சொல்லவும் நீங்க ஏன் ஒங்க கையை நீட்டுனீய?"

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நாலு நாள் பேராச்சி போட்டாள், அவன் பேரில். மாட்டுங்கா கடைத்தெருவில் கல்மாவு வாங்கி வந்தான். அந்த அவசரத்தில் அதையே நம்பிராஜனின் டப்பாவிலும் நிரப்பிவைத்தான். கல்மாவு பூசிய கையிலிருந்து இரும்பு வழுக்கி நம்பிராஜனின் கட்டைவிரலில் இறங்கியது. அன்றிலிருந்து நம்பிராஜன் வேலை மெனக்கெட்டு அவனையே பார்க்க ஆரம்பித்தான்.

"வாத்தியாரே, இவரு போடுததை நாம யாரும் பாத்ததில்லையே" என்றான் ஒரு நாள்.

வாத்தியார் முகம் மலர்ந்தது. "அதைத்தான் நானும் நெனைச்சேன். வெயிலுமுத்து, நாளையில இருந்து நான் வந்த பெறகு போடும். என் கண்ணு முன்னால."

பிடித்துவிட்டார் என்று வெயிலுமுத்துவுக்கு உறுதியாகிவிட்டது.

அன்று பகல் முழுவதும் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் பாடம் நடந்தது.

"பொடியைச் சோத்துக்கு உப்புப் போடுத மாதிரிப் போடாதீய. ரெண்டு வெரலுக்கு நடுவால விடுங்க."

"விழ மாட்டேங்குதே."

"வெரலை இறுக்கினா எப்பிடி விழும்? இரும்பா தூக்குதீய? உக்காராதீய. எந்திரிங்க. கோலத்தைக் குனிஞ்சுதான் போடணும்."

"இடுப்பு போயிரும்ட்டி."

"எங்களுக்கு இடுப்பு இல்லையா?"

ஐந்து புள்ளிக் கோலத்துக்கு முப்பத்திரண்டு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பேராச்சி ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா" என்றாள். ஜன்னல் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குனிந்தபடியே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாழ்ப்பாள் கதவுக்குத்தான் இருந்தது. ஜன்னலுக்கு இல்லை.

மறுநாள் காலை வாத்தியார் முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். பன்னிரண்டு பயில்வான்கள் லங்கோடு கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"அண்ணாச்சி, பூ வாங்கியாரட்டா?" என்றான் நம்பிராஜன். "மல்லியா, கனகாம்பரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "சும்மா கெடல. வெயிலுமுத்து, நீர் மெதுவாப் போடும். அந்தச் சுழி எங்கன இருந்து வந்துச்சு? கையை எடுக்காம எப்பிடித் திருப்புனீரு?"

வெயிலுமுத்து சொன்னான். அவர் எழுதினார். இரண்டாம் நாளும் கேட்டார், எழுதினார். ஒவ்வொரு கேள்வியும் போலீஸ்காரன் கேட்கிற கேள்வியாகத்தான் வெயிலுமுத்துவுக்குப் பட்டது. நோட்டில் தன் குற்றமெல்லாம் வரிசையாக ஏறுவதாக நினைத்தான். மூன்றாம் நாள் துணிந்து கேட்டான்.

"என்ன வாத்தியாரே எழுதுதீய?"

"ஒமக்கு எதுக்குவே அது? நாளைக்கு வேற கோலம் போடும். தெனமும் ஒண்ணையே போட்டா பாக்கவங்க என்ன நெனைப்பாவ?"

வேறு கோலம் என்றால் வேறு பாடம். பகலெல்லாம் அறைக்குள் புள்ளியும் இழையும். ஏழு, ஒன்பது, பதினொன்று. வெயிலுமுத்து தூக்கத்திலும் இரண்டு விரலைத் தேய்த்தான். அவனுக்குக் கற்பித்துவிட்டு, விடியுமுன் பதினோரு வேலைகளையும் செய்து, பேராச்சியின் கண் குழிந்துபோயிற்று. அவள் கலக்கிய மண்ணில் புரண்டுவிட்டுப் போகிறவர்கள் "வெயிலுமுத்து கை பட்டா மண்ணே மணக்கு" என்று சொல்வது சுவர் வழியாக அவளுக்குக் கேட்கும். அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நேரங்களில் அறைக்குப் போகாமல் சாக்கடைக்குப் பினாயில் ஊற்றுவான். பங்குனியில் அந்தச் சாக்கடை குடித்த பினாயிலுக்குக் கணக்கில்லை.

ஒரேயடியாக வாத்தியாரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தான். ஒரு பெரிய கோலமாகப் போட்டுக் காட்டினால், இவனுக்கு நிஜமாகவே தெரியும் என்று நோட்டை மூடிவிடுவார். பதினைந்து புள்ளி. தேர்ச் சக்கரம் மாதிரி சுழன்று வரும் கோலம். பேராச்சி மூன்று நாள் சொல்லிக் கொடுத்தாள். நாலாம் நாள் காலை முக்கால் மணி நேரம் குனிந்து அதைப் போட்டு முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். பயில்வான்கள் அதை மிதித்துவிடாமல் பின்னால் நகர்ந்தார்கள். நம்பிராஜன்கூட நகர்ந்து நின்றான்.

வாத்தியார் முகம் வெளுத்திருந்தது.

"இது ரொம்பப் பெரிசால்லா இருக்கு" என்றார், ஈனஸ்வரத்தில். நோட்டைப் புரட்டினார். தலையைச் சொறிந்தார். "அழிச்சிட்டு இன்னொருக்காப் போடும்."

வெயிலுமுத்து அழவில்லை என்பதைத் தவிர அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை.

அடுத்த இடி காரியதரிசியிடமிருந்து வந்தது. இரண்டு நாளில் ஆண்டு விழா நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. அவர் அதை உரக்கப் படித்தார். மாட்டுங்கா சபா தலைவர் முன்னிலை. சிலம்பம். கர்லா. மல்யுத்தம். கடைசியில், கொட்டை எழுத்தில், 'கோல விற்பன்னர் திரு. வெயிலுமுத்து அவர்கள் சபையோர் முன்னிலையில் முப்பது புள்ளிக் கோலம் இட்டுக் காண்பிப்பார்.'

"முப்பதா?" என்றான் வெயிலுமுத்து.

"பதினஞ்சையே ரெண்டு தடவை போட்டீர்லா. சேத்துப் போட்டா முப்பது" என்றார் காரியதரிசி. "ஆண்டாப் ஹில், பாண்டுப் எல்லாம் நோட்டீஸ் போயாச்சு. ஒம்ம மச்சினரைக்கூடப் பாத்தேன். குடும்பத்தோட வாராராம்."

வெயிலுமுத்து நோட்டீஸை நாலாக மடித்து அறைக்குக் கொண்டுவந்தான். பேராச்சி அதைப் பிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எது ஒங்க பேரு?"

காட்டினான். அவள் அந்த எழுத்துகளை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"நல்லாப் பெரிசாத்தான் போட்டிருக்காவ" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, நாளைய கோதாவுக்கு வேப்பிலை இடிக்க உட்கார்ந்தாள். உலக்கை விழுகிற ஒவ்வொரு சத்தமும் அவன் நெஞ்சில் விழுந்தது. தட்டைத் தள்ளி வைத்தான்.

"பேராச்சி, நாளைக்கு வாத்தியார் வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிரப் போறேன்."

உலக்கை நின்றது. "ரூம் போயிரும்."

"போயிரும்."

அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "போட்டும்" என்றாள். "திரையைத் தொவைச்சுக்கிடலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பயிற்சி கலைந்ததும் வெயிலுமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டான். வாத்தியார் வீடு லேபர் கேம்ப் பக்கம், ஒரு வரிசை வீட்டின் கடைசிக் கதவு. வாசலில் பெரிய கோலம். கோலத்தைப் பார்த்தாலே இப்போதெல்லாம் அவனுக்கு இடுப்பில் வலி எடுத்தது. அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, வாத்தியாரே என்று குரல் கொடுத்தான்.

"அவுக குளிக்கப் போயிருக்காக. உள்ள வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

வாத்தியாரின் மனைவி கோமதியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதத்திலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு. வாத்தியார் வீட்டு விஷயம் எதையும் சாலையில் வாய் திறப்பதில்லை. வெயிலுமுத்துவுக்கு இது புதுச் செய்தி.

"என்னம்மா இது?"

"ஹோலிக்கு முந்தின நாளு கொழாயடியில வழுக்கி விழுந்தேன். கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாவ. பிள்ளைகளும் ஊர்ல கெடக்கு. நீங்க சாலையில வேலை பாக்க வெயிலுமுத்து அண்ணாச்சிதான?"

"ஆமாம்மா." வாத்தியாரிடம் சொல்ல வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவர் வருகிறவரைக்கும் அது அங்கே நிற்காது என்று தோன்றியது. நின்ற நிலையிலேயே கொட்டிவிட்டான். மோர் கூடினது, பேராச்சி வந்தது, கோலம், ஏழு ஆம்பளைப் பிள்ளை, நீட்டின கை, எல்லாம். "என் வீட்டுக்காரிக்கு நான் செஞ்சது துரோகம்மா. ஆஞ்சநேயருக்கும் குத்தம். வாத்தியார் மொதல் நாளே கண்டுபிடிச்சிட்டாக. தெனமும் முக்காலியைப் போட்டு உக்காந்து, நோட்டுல எழுதி எழுதி, நானா சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்திருக்காக. அதான் நானே சொல்லிட்டு ரூமைக் காலி பண்ணிருதேன்."

கோமதியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வெயிலுமுத்து இன்னும் குன்றிப்போனான்.

"மண்ணு ஆம்பளை கலக்குனது இல்லன்னு அவுக வேட்டியில அடிச்ச மணத்துலயே எனக்குத் தெரியும்" என்றாள், ஒருவாறு மூச்சை இழுத்துக்கொண்டு. "ரூமை ஒண்ணும் காலி பண்ண வேண்டாம். பேராச்சியைப் பகல்லயே, முன்வாசல் வழியாவே போகச் சொல்லுங்க. அவுகட்ட நான் பேசிக்கிடுதேன்."

"அவுக ஒத்துக்கிடணுமே அம்மா."

"ஒத்துக்கிடுவாக. நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க அண்ணாச்சி. நாளையில இருந்து அஞ்சு புள்ளிக்கு மேல போடாதீய. நோட்டைப் பாத்துப் பாத்து, ஒருத்தரும் முழிக்கதுக்கு முன்னால இந்த வாசல்ல குனிஞ்சு போட்டு முடிக்கதுக்குள்ள, என் காலைவிட அவுக இடுப்பு மோசமாப் போச்சு."